மழைக்காலம் தாங்கும் மாதிரி ரயில் மேடை

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகும் மின்ரயிலின் ஒரு பெட்டி சுமார் 21 மீட்டர் நீளம். மாதிரி ரயில் பிரியர்களிடம் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 24 சென்டிமீட்டர். பன்னிரண்டு பெட்டிகளைக் கோத்தால் 2.9 மீட்டர். தாம்பரத்தின் ஒற்றை நடைமேடையைக் குறைக்காமல் காட்டவே பத்தடி வேண்டும். குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டுதான். அதில் கட்டிலும் பீரோவும் போக மிச்சம் இருப்பது சுவரோரம். ஆகவே இந்தப் பக்கத்தில் மாதிரி ரயில் அமைக்க நினைப்பவர் எஞ்சின் வாங்குவதற்கு முன்பே மேடையைப் பற்றி யோசித்தாக வேண்டும். ஒன்றரை, இரண்டடி அகலத்தில், சுவரை ஒட்டிய நீள மேடை. வீடு மாறும்போது படிக்கட்டில் இறக்கும்படி நாலடி நாலடியாகக் கழற்றக்கூடியது. எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றை வாங்கினால் நாலுக்கு இரண்டு துண்டுகள் நான்கு கிடைக்கும். கணக்கு அழகாகவே பொருந்துகிறது.

பிறகுதான் சிக்கல். இந்த அளவு ரயிலின் சக்கர விளிம்பு தண்டவாளத்துக்குக் கீழே இறங்குவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஒன்று அரை மில்லிமீட்டர் மேலெழுந்தாலே பெட்டி தடம் புரளலாம். பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் மேடை இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு உண்டாகிவிடும். நீளமான ரயிலை இழுக்கும் எஞ்சின் அதில் திணறும்.

மேடை ஏன் இறங்குகிறது, ஏன் எழுகிறது? பளு ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. வெளிநாட்டுப் புத்தகங்கள் பளுவைப் பற்றித்தான் அதிகம் பேசும். அவை சூடேற்றிய நிலவறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கு ஈரமே பெரிய எதிரி. அக்னி நட்சத்திரப் பகலில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். ஐப்பசியில் சுவரே வியர்க்கும். மரம் இந்த மாற்றத்துக்கு ஏற்ப நீரை இழுக்கும், விடும். தேக்குப் பலகையின் ஈரம் 11 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு ஏறினால், குறுக்குவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு முக்கால் மில்லிமீட்டர் வரை அது விரியக்கூடும். நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம். இரண்டடி அகலத்துக்குத் தேக்குப் பலகைகளைச் சேர்த்து ஒட்டி மேடை போட்டால், ஒரே பருவமாற்றத்தில் நாலரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். விலை உயர்ந்த மரம் என்பது இங்கே எந்த உதவியும் செய்யாது.

பிளைவுட் பிழைத்துக்கொள்வது அதன் கட்டுமானத்தால். ஒவ்வொரு ஏடும் அடுத்ததற்குக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால், ஓர் ஏடு விரிய முயலும் திசையில் பக்கத்து ஏட்டின் நார் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கடையில் 710 கிரேடு என்று கேளுங்கள். கொதிநீரிலும் பிரியாத பசை கொண்டது. எம்.டி.எஃப். மலிவு, வழவழப்பு, ஆனால் ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பிவிடும். பிளைவுட்டிலும் ஈரம் வேகமாக நுழைவது வெட்டிய ஓரத்தின் வழியாகத்தான். ஓரங்கள் நான்குக்கும் பெயின்ட் கட்டாயம். மேல்பக்கத்துக்கு மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிடுவது பலரும் செய்வது. ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காமல் இருந்தால் பலகை கிண்ணம்போல் வளையும்.

பளுவுக்கு வருவோம். பலகையின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. மூன்றங்குலம், ஓரங்குலம் ரீப்பரைப் படுக்கவைத்தால் ஒரு மடங்கு. நிமிர்த்திவைத்தால் ஒன்பது மடங்கு. அதே மரம், அதே விலை. தடித்த பிளைவுட்டுக்குச் செலவழிப்பதைவிட, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அடியில் ஓரடிக்கு ஒன்றாக நிமிர்ந்த சட்டங்கள் கொடுப்பது எவ்வளவோ மேல். அமெரிக்காவின் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழை நடத்திய லின் வெஸ்ட்காட், 1960-களில், நிமிர்ந்த பட்டையின் மேல் ஒரு படுக்கைப் பட்டையை எல் வடிவில் ஒட்டி உத்திரமாக்கும் முறையைப் பரப்பினார். குறுக்குச் சட்டங்களை அதில் கீழிருந்து ஸ்க்ரூ போட்டு இணைக்கலாம். மேலே தண்டவாளம் பதித்த பிறகும் ஒரு சட்டத்தைக் கழற்றி நகர்த்தலாம்.

கால்களை எங்கே வைப்பது? மேசை போல நான்கு மூலையில் வைக்கத்தான் கை போகும். ஆனால் சீராகப் பளு ஏறிய உத்திரத்தின் முனையிலிருந்து நீளத்தில் 22 சதவீதம் உள்ளே தள்ளிக் கால் வைத்தால், வெளியே நீட்டிய பகுதிகளின் எடை நடுப்பகுதியை மேலே தூக்கிக் கொடுக்கும். மூலையில் கால் வைத்தபோது இருந்த தொய்வில் சுமார் 40-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். 240 சென்டிமீட்டர் உத்திரத்துக்கு முனையிலிருந்து 53 சென்டிமீட்டர். காசே செலவில்லாத இந்த மாற்றத்தைவிடப் பலன் தருவது மேடை வேலையில் வேறில்லை என்பேன்.

காலுக்கு மரம் வேண்டாம். தெருமுனை கிரில் பட்டறையில் சதுர இரும்புக் குழாயை வெட்டி, அடியில் உயரம் திருத்தும் போல்ட் வைத்துத் தருவார்கள். கரையானுக்கு மரக்கால் நேர்ப்பாதை. சுவரும் அப்படியே, ஆகவே மேடைக்கும் சுவருக்கும் இரண்டங்குலம் இடைவெளி விடுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. நாலடி உயர மேடை பார்வைக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

மட்டம் பார்க்க ரசமட்டம் ஒரு துண்டுக்குப் போதும். பத்தடி நீளத்துக்குக் கொத்தனாரின் டியூப் லெவலே சரி. குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் குழாய் எப்படி வளைந்தாலும் கவலையில்லை.

இத்தனைக்குப் பிறகும் மேடை கொஞ்சம் நகரும். தண்டவாளமும் நகரும்: நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்று மீட்டருக்கு 15 டிகிரி வெப்பத்தில் முக்கால் மில்லிமீட்டர் நீளும். இடைவெளியே விடாமல் இறுக்கிச் சேர்த்தால் பக்கவாட்டில் நெளியும். உண்மையான ரயில் பாதை இதை நெடுங்காலம் முன்பே தீர்த்துக்கொண்டது. கடற்கரை-தாம்பரம் வழியில் 1931-ல் மீட்டர்கேஜில் மின்ரயில் ஓடத் தொடங்கி, 2004-ல் அந்தப் பாதை அகலப்பாதைக்கு வழிவிட்டது. தடத்தின் அகலம் 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 ஆனது. ஸ்லீப்பருக்கு அடியில் கருங்கல் ஜல்லி என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. சிமென்டால் கெட்டியாகப் பிடிக்காமல், உடைந்த கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றன. பளு பரவுகிறது, மழைநீர் வடிகிறது, பாதை இறங்கினால் மீண்டும் இடித்து நிமிர்த்தலாம். சுமைக்கு விறைப்பு, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நெகிழ்வு: மாதிரி மேடையிலும் இதே நியாயம் செல்லும். தண்டவாளத்தைப் பிளைவுட்டில் நேராக அறையாமல், நடுவே கார்க் தாள் ஒட்டி, தண்டவாள மூட்டுகளில் மெல்லிய அட்டை கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். இரைச்சலும் குறையும்.

ஜல்லிக்கு வெளியூர்ப் பொட்டலம் தேவையில்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறை உலக நிலவியலில் பெயர் பெற்றது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து, அதே வகைப் பாறை இங்கே கிடைப்பதை அறிந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். ரயில்வே ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர். 87-ல் வகுத்தால் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர். வீடு கட்டும் இடத்தில் கருங்கல்லை உடைத்து எடுக்கும் எம்-சாண்ட் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சலித்தால் அந்த அளவு அப்படியே வந்துவிடும். கழுவிக் காயவைத்து, அதன் மேல் காந்தத்தை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். கருங்கல்லில் காந்தத் துகள் உண்டு, எஞ்சின் மோட்டாருக்குள் போனால் கெடுக்கும். ரயிலை ஓடவிட்டு ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் கடந்த பிறகு, மூட்டுகளை மறுபடி பார்த்துத் திருத்திவிட்டு ஜல்லியை ஒட்டுங்கள். ஒட்டிய பின் திருத்துவது பெரும்பாடு.