மண்ணுக்குள்ளிருந்து வந்த உலோகம்: மாகறல் பக்கத்துக் குறிப்புகள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றை ஒட்டி இருக்கிறது மாகறல். சம்பந்தர் பதிகம் பெற்ற ஊர். இந்தக் கோயிலின் தலபுராணம் ஒரு பொன் உடும்பைப் பற்றியது. சோழ ராஜா அதைத் துரத்தி வர, அது புற்றுக்குள் புகுந்துகொண்டது. ஆட்கள் புற்றை வெட்டினார்கள். பொன் வரவில்லை, ரத்தம் வந்தது. உள்ளே லிங்கம் இருப்பது அப்போதுதான் தெரிந்ததாம். பொன் என்று நினைத்து அவசரமாக வெட்டினால் உள்ளே இருப்பது காயப்படும். மண்ணில் கிடைக்கிற எந்தப் பழம்பொருளுக்கும் இது பொருந்தும்.

இந்த வட்டாரத்தில் பல்லவர், சோழர், விஜயநகரம், ஆற்காடு நவாப், கம்பெனி என்று ஒருவர் மேல் ஒருவராக ஆண்டிருக்கிறார்கள். ஏர் ஓட்டும்போதும் கிணறு வெட்டும்போதும் ஏதாவது ஒரு துண்டு மேலே வரும். இப்போது ஆன்லைனில் மெட்டல் டிடெக்டரும் சுலபமாகக் கிடைக்கிறது. அது "கீங்" என்று கத்தும், ஆனால் என்ன பொருள் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கிற வழியைப் பார்ப்போம்.

முதல் விதி: புளி போட்டுத் தேய்க்காதீங்க

பித்தளைச் சொம்பைப் பார்த்தாலே நம் வீட்டில் கை புளிக்குப் போகும். பழங்காசுக்கு அதைச் செய்தால் கதை முடிந்தது. செம்பின் மேலே பச்சையாகப் படிந்திருக்கிற களிம்பு வெறும் அழுக்கு இல்லை. செம்பே காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறிய படலம் அது. பல நேரங்களில் எழுத்தும் உருவமும் உலோகத்தில் தேய்ந்துபோய், அந்தப் படலத்தில் மட்டும்தான் மிச்சம் இருக்கும். புளியின் அமிலம் முதலில் தின்பது அதைத்தான். மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டி, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து வைத்தால் போதும்.

ஒன்றைக் கவனிக்கணும். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு ஆபத்தில்லாதது. தொட்டால் மாவு மாதிரி உதிர்கிற வெளிர்பச்சைப் புள்ளிகள் இருந்தால், உள்ளே குளோரைடு உப்பு வேலை செய்கிறது. ஈரம் பட்டால் அது பரவி, பொருளே பொடியாகிவிடும். அந்த மாதிரிப் பொருளை நிபுணர்தான் பார்க்க வேண்டும்.

என்ன உலோகம்?

நிறம் முதல் துப்பு. இரும்பு அடுக்கடுக்காகத் துருவேறி உப்பியிருக்கும். வெள்ளி கறுத்திருக்கும். ஈயம் மங்கிய வெண்சாம்பல் நிறத்தில், கைக்கு எதிர்பாராத கனத்தோடு இருக்கும். நல்ல தங்கம் நூறு வருஷம் கழித்து எடுத்தாலும் மஞ்சளாகவே இருக்கும். பச்சை பூத்திருந்தால் அது செம்பு, வெண்கலம், பித்தளை, இல்லாவிட்டால் செம்பு நிறையக் கலந்த மட்டமான தங்கமோ வெள்ளியோ.

அடுத்தது, பொருளைக் கீறாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய அடர்த்திச் சோதனை. நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். பொருளை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பொருளை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது காட்டுகிற கிராம்தான் அதன் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

இரும்பு 7.9, பித்தளை ஏறக்குறைய 8.5, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, சுத்தத் தங்கம் 19.3. துருவும் களிம்பும் இருந்தால் எண் கொஞ்சம் குறைவாக வரும்.

ஒரு உதாரணம். 32 கிராம் எடையில் கோலிக்குண்டு மாதிரி ஒரு உருண்டை. தண்ணீரில் 2.8 காட்டுகிறது. வகுத்தால் 11.4, அதாவது ஈயம். விட்டம் 17 மில்லிமீட்டர் சொச்சம் இருந்தால் அது பெரும்பாலும் பழைய மஸ்கட் துப்பாக்கிக் குண்டு. காஞ்சிபுரம் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கின. அங்கே நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

காசு என்றால்

தொண்டை மண்டலத்தில் கிடைக்கக்கூடியவற்றில் சில:

காளை உருவம் போட்ட சின்னக் காசு பல்லவருடையதாக இருக்கலாம். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், கூடவே நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருந்தால் அது சோழர் வகைக் காசு. இலங்கை அரசர்களும் இதே அமைப்பில் தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். அதனால் உருவத்தை மட்டும் பார்த்து "ராஜராஜன் காசு" என்று சொல்லிவிட முடியாது. எழுத்தைப் படிக்கணும்.

மிளகு அளவில், அரை கிராம்கூட இல்லாத தங்கப் பொட்டு கிடைத்தால் அது பழைய 'பணம்'. நாம் இன்று பேசுகிற பணம் என்ற சொல் ஒரு காலத்தில் இந்தக் குட்டிக் காசுக்கும் பெயர்.

V, O, C மூன்றும் பின்னிக்கொண்டிருந்தால் டச்சுக்காரர்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவர்கள் கையில் இருந்தவை. 1803, 1808 என்று போட்ட பத்து காசு, இருபது காசு செம்பு நாணயங்கள் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடிக்கப்பட்டவை. 1808 காசு பளபளப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980-களில் ஏராளமாக மீட்டு விற்றார்கள். அப்படி வாங்கிய காசை யாராவது தவறவிட்டிருக்கவும் கூடும்.

நடுவில் ஓட்டை இருந்தால் குழப்பமே வேண்டாம். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா. உங்கள் தாத்தா பாக்கெட்டிலிருந்து விழுந்ததாகக்கூட இருக்கலாம்.

இரிடியம் கதை

தமிழ்நாட்டில் பழைய உலோகம் என்றாலே கூடவே வருவது மோசடி. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்கில் வாங்குவான் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். இதை நம்பி வீட்டை விற்றவர்களும் உண்டு, கலசத்தையே திருடியவர்களும் உண்டு. இரிடியம் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளைச் சேர்த்து, காந்தத்தை ஒளித்து வைத்தால் எந்தச் செம்பும் 'இழுக்கும்'. இரிடியத்தின் அடர்த்தி 22.5, தங்கத்தைவிட அதிகம். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் கலசம் எட்டரையோ ஒன்பதோதான் காட்டும்.

இதேபோல 1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கம்பெனி 'அரை அணா'. 1818-ல் கம்பெனி அரை அணா நாணயமே அடிக்கவில்லை. அந்த 1818 காசுகள் எல்லாம் பின்னால் யாரோ அடித்த பொம்மைகள்.

யாருக்குச் சொந்தம்?

2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் படிக்கல்லை எடுத்தபோது அரை கிலோவுக்கு மேல் தங்கப் பொருட்கள் கிடைத்தன. சுவாமிக்கு வைத்ததை வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வைப்போம் என்றார்கள் ஊர்க்காரர்கள். அதிகாரிகள் வந்து, பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் தங்கம் கருவூலத்துக்குப் போனது. ஊர் மக்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னோர் கொடுத்தது கண்ணெதிரே போகிறதே என்ற தவிப்பு அது. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது.

1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும்: என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில். தெரிவிக்காமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. பலருக்குத் தெரியாத மறுபாதி இது: உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரணும். மறைப்பவர் இந்தப் பங்கை முழுவதும் இழக்கிறார்.

நூறு வருஷம் தாண்டிய பொருளுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் உண்டு. தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கிற இடத்தில் டிடெக்டரோடு போய்த் தோண்டுவது தனிக் குற்றம்.

ஆகவே ஏதாவது கிடைத்தால், இடத்திலேயே வைத்துப் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ ரூபாய் நாணயமோ போட்டுப் படம் எடுங்கள். எவ்வளவு ஆழம், எந்த நிற மண், கூட ஓட்டுச்சில்லு இருந்ததா என்று எழுதுங்கள். மேலே தோண்டாதீங்க. வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். ஒரு காசின் வயதைக் காசு மட்டும் சொல்வதில்லை, அது கிடந்த மண்ணும் பக்கத்தில் கிடந்த ஓடும் சேர்ந்துதான் சொல்கின்றன. காசைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் எழும்பூர் அருங்காட்சியகத்து நிபுணராலும் அந்தப் பாதியைத் திரும்ப வாங்க முடியாது.