பறக்கும் முன் உடைத்துப் பார்க்க வேண்டும்

கோவில்பட்டியிலிருந்து மேற்கே இளையரசனேந்தலுக்குப் போகிற சாலையானாலும் சரி, வேறெந்தக் கரிசல்காட்டுச் சாலையானாலும் சரி, வெல்டிங் பட்டறை ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. டிரெய்லர் கொக்கியை ஒட்டித் தருவதும் கலப்பைக் கொழுவைத் தட்டிச் சீராக்குவதும் அங்கே அன்றாட வேலை. கடையில் கிடைக்காத ஒரு கருவி தேவைப்பட்டால் பழைய எஞ்சின், ஆங்கிள், பெல்ட், புல்லி என்று கையில் கிடைப்பதைக் கொண்டு அதையும் செய்துவிடுவார்கள். கழித்துப்போட்ட ஸ்கூட்டர் எஞ்சினை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிய சென்னையின் மீன்பாடி வண்டி இந்த வழியில் வந்ததுதான். இப்படிப் பழகிய கைகளில் ஒன்றிரண்டு, என்றாவது ஒருநாள் வானத்தையும் பார்க்கும். சொந்தமாக ஒரு ஹெலிகாப்டர், ஒற்றை ஆள் விமானம், முதுகில் மாட்டும் விசிறி என்று ஆசை வளரும். பத்திரிகைகள் அப்படிச் செய்பவரைக் ‘கிராமத்து விஞ்ஞானி’ என்று கொண்டாடும். விபத்து நடந்தால் ‘விபரீத ஆசை’ என்று எழுதும். இரண்டு தலைப்புகளுமே விஷயத்தைத் தொடுவதில்லை. இவர்களிடம் திறமைக்கும் துணிச்சலுக்கும் பஞ்சமில்லை. செய்ததை ஆளில்லாமல் சோதித்து, எங்கே உடைகிறது என்று பார்க்க இடமும் முறையும்தான் இல்லை.

பட்டறைக் கைகளுக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1910 மார்ச் மாதத்தில் சென்னைப் பல்லாவரத்தில் பறந்த விமானத்தை வடிவமைத்த ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் ஒரு ஹோட்டல் முதலாளி. அதைக் கட்டிக் கொடுத்தது குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்சன் கம்பெனி. அதற்கு ஆறாண்டுக்கு முன்பு, 1903 டிசம்பர் 17 அன்று பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள்; அவர்களுக்குப் 12 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்து தந்த சார்லி டெய்லர் அந்தக் கடையின் மெக்கானிக். படிக்காத மேதைகள் பட்டியலில் இவர்களைச் சேர்ப்பதோடு நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். 1901 இறுதியில் அவர்கள் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து (காற்றுச் சுரங்கம் என்பது இதுதான்), சுமார் 200 சின்னஞ்சிறு இறக்கை மாதிரிகளை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்து அளந்தார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதுவரை எல்லாரும் நம்பியிருந்த காற்றழுத்தக் கணக்கில் பிழை இருந்ததை அவர்கள் உறுதிசெய்துகொண்டது அந்தப் பெட்டியால்தான். அடுத்த ஆண்டு எஞ்சின் இல்லாத கிளைடரில் எழுநூறு முறைக்கு மேல் மணல்மேட்டிலிருந்து சறுக்கிப் பழகினார்கள். எஞ்சின் கடைசியில்தான் வந்தது. நம் ஊர் ஆர்வலர் பெரும்பாலும் எஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறார்.

தரையில் ஓடும் கருவியைச் செய்கிறவர், செய்து, ஓட்டி, உடைந்தால் ஒட்டி, மறுபடி ஓட்டிப் பார்த்தே தேறுகிறார். டிரெய்லரின் வெல்டிங் விட்டுப்போனால் வண்டி நின்றுவிடும், மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம். சுழலும் இறக்கையில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு மீட்டர் நீள இறக்கை நிமிடத்துக்கு 450 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் இருக்கும் 100 கிராம் துண்டு, 45 கிலோ மூட்டை தொங்குவதற்குச் சமமான விசையோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று அந்த அதிர்வில் மெல்ல மெல்ல வளரும்; பத்து நிமிடம் நன்றாகச் சுற்றியது என்பது பதினோராவது நிமிடத்துக்குச் சாட்சி ஆகாது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டம் ஃபுல்சாவங்கி கிராமத்தில், மாருதி 800 எஞ்சினை வைத்துத் தானே ஹெலிகாப்டர் செய்த 24 வயது இளைஞர் தரையிலேயே அதை ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். வால் விசிறி உடைந்து மேல் விசிறியில் மோத, உடைந்து வந்த இறக்கை தலையில் தாக்கி இறந்தார். அவரும் வெல்டிங் தெரிந்தவர்தான்.  ஆளில்லாமல், மண்மூட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து, இறக்கை உடையும்வரை சுற்றவிட்டுப் பார்க்கும் ஒரு மேடை அவருக்கு எங்கும் கிடைத்திருக்காது. அப்படி ஒன்று தேவை என்று சொல்ல ஆளும் இருந்திருக்காது.

கவனமாக இருந்தாலே போதும் என்று சிலர் சொல்லலாம். பிரான்ஸின் ஆன்ரி மிஞ்யே கதை அதற்குப் பதில். தச்சு வேலை தெரிந்த எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று 1930களில் அவர் ஒரு குட்டி விமானத்தின் வரைபடங்களைப் புத்தகமாகவே வெளியிட்டார். ‘வானத்துப் பேன்’ என்று பெயர். ஐரோப்பாவெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்து விமானம் செய்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சில விமானங்கள் மூக்குக் குப்புறப் பாய்ந்து விழுந்தன. செய்தவர்கள் மேல் குறை சொல்ல முடியவில்லை. கண்டுபிடித்தவரே அதில் பறந்து காட்டியவர். 1936இல் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. மூக்கு ஓரளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால் முன்பின்னாக இருந்த இரண்டு இறக்கைகளின் காற்றோட்டமும் ஒன்றையொன்று பாதித்து, விமானியால் மீள முடியாமல் செய்தது. எத்தனை பத்திரமாக ஆணி அடித்தாலும் அந்தக் குறை கண்ணில் பட்டிருக்காது. பின்னர் வடிவத்தைத் திருத்தினார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கேரளத்தின் தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே காது கேளாதவர், பேச இயலாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைப் பார்த்து ஆசை கொண்டு, பல ஆண்டு முயன்று இருவர் அமரும் இலகுரக விமானம் ஒன்றைச் செய்தார். அது 2014இல் பறந்தது, நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில். அதை ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். ஃபுல்சாவங்கியோடு ஒப்பிட்டால் இங்கே கூடுதலாக இருந்தவை, ஓர் ஓடுதளமும் விமானம் அறிந்த இன்னொரு ஜோடிக் கண்களும். இரண்டும் அவருக்குத் தற்செயலாகத்தான் வாய்த்தன.

இந்த வேடிக்கைக்கெல்லாம் அரசு ஏன் இடம் கொடுக்க வேண்டும், தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தடை ஏற்கனவே பாதி இருக்கிறது. விமானியான அமோல் யாதவ் மும்பையில் மொட்டைமாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்துக்குப் பதிவு கிடைத்தது 2017இல். பறந்து பார்க்க அனுமதி 2019இல். விவரம் தெரிந்த விமானிக்கே இந்த நிலை என்றால், இளையரசனேந்தல்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? வருவாய்த் துறைக்குக் கோவில்பட்டி, ஊராட்சி ஒன்றியத்துக்குக் குருவிகுளம் என்று பல ஆண்டு இழுபட்ட பகுதி அது.  அனுமதி எட்டாத உயரத்தில் இருந்தால் ஆசை அடங்கிவிடாது. ஊருக்கு ஒதுக்குப்புறமான காட்டுக்குப் போகும், அதுவும் தனியாக. எதிர்முனையில் நிற்பவர்கள் அமெரிக்காவைப் பார் என்பார்கள். அங்கே 1982 முதல் எஞ்சினுள்ள ஒற்றை ஆள் விமானத்தின் வெற்று எடை 115 கிலோவுக்குள் இருந்தால் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். உண்மைதான். ஆனால் எரிபொருள் 19 லிட்டருக்கு மேல் கூடாது, வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு, இன்னொருவரை ஏற்றக் கூடாது, ஜன நெருக்கடியான இடத்தின் மேல் பறக்கவே கூடாது. தன் உயிரைப் பணயம் வைக்கலாம், அடுத்தவர் உயிரை வைக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. நம் 2021 டிரோன் விதிகளும் கொஞ்சம் இப்படித்தான்: 250 கிராம் வரையுள்ள நானோ டிரோனை ஓட்ட உரிமம் கேட்பதில்லை. எடை கூடக் கூட நிபந்தனை கூடுகிறது. ஆள் ஏறும் விமானத்துக்கும் இத்தகைய படிக்கட்டு வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. முழு விமானத்தையும் நிறுத்தும் காற்றுச் சுரங்கம் கட்ட எந்தப் பட்டறைக்காரராலும் முடியாது. ஆனால் தேவைப்படுவதையெல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. கோவில்பட்டி அருகே பழைய விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் அங்கே விமானிப் பயிற்சி மையம் அமைக்க முயன்றுவருகிறது. நாலாட்டின்புத்தூர்ப் பக்கம் 1984 முதல் தேசிய பொறியியல் கல்லூரி இருக்கிறது. பொறியியல் கல்லூரி என்றால், ஓர் இரும்புத் துண்டு எத்தனை கிலோ இழுப்பில் அறும் என்று காட்டும் இயந்திரமும் ஆய்வகத்தில் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் வெளியாரும் தங்கள் வெல்டிங் துண்டையோ இறக்கைக் குழாயையோ கொண்டுவந்து உடைத்துப் பார்க்கலாம் என்று இத்தகைய கல்லூரிகள் அறிவித்தால் பாதி வேலை முடிந்தது. பேராசிரியர்கள் தயங்குவார்கள்: நாளை கொண்டுவந்தவர் பறந்து விழுந்தால் எங்கள் கையெழுத்தை அல்லவா கேட்பார்கள்? நியாயமான பயம். அதனால் கல்லூரி தரும் தாளில் ‘பறக்கலாம்’ என்ற சொல் இடம்பெறவே கூடாது. இந்தத் துண்டு இத்தனை கிலோவில் உடைந்தது, தேதி இது, அவ்வளவுதான். பறப்பதா வேண்டாமா என்பதை அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் யோசிக்கட்டும். பல பேர் பட்டறைக்குத் திரும்பிப்போய் இன்னும் தடித்த குழாயைத் தேடுவார்கள்.