கராத்தேயும் வேணும், வேலையும் வேணும்!

"பிளஸ் டூ வந்தாச்சு. இனிமே கராத்தே கிராத்தேன்னு கிளம்பினே... பார்த்துக்கோ!" ஜூன் மாதம் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. பிள்ளை காலேஜுக்குப் போனதும் அதே குரல் கொஞ்சம் மாறும். "லீவுல ரெண்டு மாசம் எங்கயாவது வேலைக்குப் போனா அடுத்த செமஸ்டர் பீஸுக்காவது ஆகும். இவன் என்னடான்னா தினமும் ரெண்டு மணி நேரம் காத்துல குத்து விட்டுக்கிட்டு இருக்கான்!"

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பீஸ் கட்டுகிறவர் அவர். பையனையும் குறை சொல்ல முடியாது. ஏழாம் கிளாஸில் வெள்ளை பெல்ட் கட்டியவன், இப்போது பிரவுன் பெல்ட். இன்னும் ஒரு படிதான். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். கிளாஸை ஒரு தடவை நிறுத்தினால் திரும்ப அனுப்புவார்களா என்பதே சந்தேகம்!

கடைசியில் என்ன நடக்கிறது? ஒன்று, கிளாஸை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். இல்லாவிட்டால், "எல்லாத்தையும் நான் சமாளிச்சுப்பேன்" என்று பிள்ளை தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படிப்பு, பயிற்சி, வேலை மூன்றையும் பிடித்துத் தொங்குகிறான். இரண்டுமே தேவையில்லை. பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம், முழுசாகச் செய்யவும் வேண்டாம். சுருக்கினால் போதும்.

"சுருக்கினா இத்தனை வருஷம் கத்துக்கிட்டது போயிடாதா?" என்பார்கள். போகாது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பரீட்சித்தே பார்த்தார். வாரத்தில் 6 நாள், தினம் 40 நிமிடம் வீதம் 10 வாரங்கள் சிலரைக் கடுமையாக சைக்கிள் மிதிக்கவும் ஓடவும் வைத்தார். பிறகு அவர்களில் ஒரு பகுதியினருக்கு 6 நாளை 2 நாளாகக் குறைத்தார். 15 வாரங்கள் கழித்தும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இறங்கவில்லை! 1981-ல் வெளியான ஆய்வு இது. அடுத்து வந்த ஆய்வில் நாட்களை விட்டுவிட்டு நேரத்தைக் குறைத்தார். அப்போதும் அந்தத் திறன் தாக்குப்பிடித்தது. ஆனால் பயிற்சியின் வேகத்தைக் குறைத்தபோது மட்டும் திறன் சரிந்தது. அவர் பார்த்தது கராத்தே அல்ல, ஓட்டமும் சைக்கிளும்தான். இருந்தாலும் நமக்கு வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. நாளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம். செய்கிற அன்றைக்கு மட்டும் ஒழுங்காக, முழு வேகத்தோடு செய்யவேண்டும்.

ஆகவே மாஸ்டரிடம் போய், "இந்த ரெண்டு மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவான் மாஸ்டர்" என்று பெற்றோரே நேரில் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலான மாஸ்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் நின்றுபோகிற பிள்ளைகளைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது! மற்ற நாட்களில் வீட்டு மொட்டை மாடியில் 15 நிமிடம், தெரிந்த கட்டா ஒன்றை நிதானமாக இரண்டு முறை செய்தால் போதும். சிலம்பம் கற்பவர்களுக்குக் காலடி வரிசை. கை கால் மறக்காது.

வேலைக்கும் ஒரு கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் 19 வயசுப் பையன். லீவுக்கு ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. காலை பத்து மணிக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பது. அத்தனை நேரமும் நிற்கவேண்டும், புடவைக் கட்டுகளை ஏற்றி இறக்கவேண்டும். வீட்டுக்கு வந்த பையன், "இன்னிக்கு பிராக்டிஸே பண்ணலையே!" என்று மாடிக்குப் போய் நூறு கிக் அடிக்கிறான்.

பிராக்டிஸ் பண்ணவில்லை என்று அவன் நினைக்கிறான். அவன் கால்கள் அப்படி நினைக்கவில்லை! மணிக்கணக்கில் நிற்கும்போது ரத்தம் கால் நரம்புகளில் தேங்குகிறது, கெண்டைக்கால் தசை ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. அப்படிக் களைத்த காலோடு குதித்தால்தான் கணுக்கால் பிசகுகிறது. மனசுக்குத்தான் படிப்பு வேறு, வேலை வேறு, கராத்தே வேறு. உடம்புக்கு எல்லாம் ஒரே செலவுதான். வேலை நாட்களில் மாலைப் பயிற்சியை விட்டுவிட்டு, பத்து நிமிடம் படுத்துக் கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும். முழுப் பயிற்சி வார விடுமுறையன்று காலையில். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடவேண்டும்.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வசதி தரவேண்டும் என்று 2021-ல் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. வேலைக்குச் சேரும்போதே, "கஸ்டமர் இல்லாதப்போ உட்கார ஸ்டூல் இருக்கா சார்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை.

சீனியர் மாணவர்களுக்கு சம்மர் கேம்பில் உதவி மாஸ்டர் வேலை கிடைப்பதுண்டு. பிடித்த வேலை, கையில் காசு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் காலை மூன்று மணி நேரம் உதைத்துக் காட்டுவதும் உடம்புக்குப் பயிற்சிதான்! அதற்குமேல் மாலையில் சொந்தப் பயிற்சி என்று கிளம்பினால் முழங்கால் பதில் சொல்லும். தொண்டை கட்டிக்கொள்வது தனிக் கதை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்கள் கூடாது. "சும்மா லீவுக்குத்தானே" என்ற சமாதானம் சட்டத்தில் இல்லை.

கை வைக்கக்கூடாத இடம்

தூக்கம்! 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம், அதற்கு மேல் குறைந்தது 7 மணி நேரம். பகலில் படித்த பாடமும் பழகிய அசைவும் மூளையில் பதிவது தூக்கத்தில்தான். இரவு ஒரு மணி வரை மொபைலில் வேலை தேடிவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிற பிள்ளையை "சுறுசுறுப்பு" என்று மெச்சாதீர்கள், ப்ளீஸ்.

அடுத்து சாப்பாடு. நம் வீடுகளில் சோறு, இட்லி, தோசைக்குக் குறைவில்லை. புரதம்தான் இடிக்கிறது. சாதாரணமாக ஒருவருக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்பவருக்கு 1.2 கிராமாவது வேண்டும். அதாவது 60 கிலோ பையனுக்குத் தினம் சுமார் 72 கிராம். இதற்காக டப்பாவில் விற்கும் பவுடரைத் தேடி ஓடவேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். சைவ வீடு என்றால் பருப்பைக் கெட்டியாகப் போடுங்கள், மாலையில் சுண்டல். வேலைக்குப் போகும் பையில் ஒரு கடலை மிட்டாய், ஒரு பாட்டில் மோர் இருந்தால், பசியில் பஜ்ஜிக் கடைப் பக்கம் போகமாட்டான்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடும் பயிற்சி, குறைந்த சாப்பாடு இரண்டும் சேர்ந்தால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகலாம். "எக்ஸர்சைஸ் பண்றா, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும், எலும்பு பலவீனமாகிவிடும். போட்டியில் கீழ் எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடப்பதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வளரும் வயசில் யாருக்குமே கூடாது.

வளரும் பிள்ளைக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வீங்கி வலித்தால், கிக், குதிப்பு இரண்டையும் குறைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். தலையில் அடிபட்டு, தலைசுற்றலோ வாந்தியோ தடுமாற்றமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. "ஒண்ணுமில்லே, ஆடறேன்" என்று பையன் சொன்னாலும் அன்றைக்கு மறுபடி சண்டை கூடாது. டாக்டர் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்டர்வியூ இருக்கிற வாரத்தில் குமித்தேயை நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். வீங்கிய கண்ணோடு போய் உட்கார்ந்தால், வேலை கொடுக்கிறவர் என்ன கேட்கப்போகிறார் என்று யோசித்துப் பாருங்கள்! பயோடேட்டாவில் வெறுமனே "கராத்தே, பிரவுன் பெல்ட்" என்று எழுதுவதைவிட, "எட்டு வருடப் பயிற்சி, இரண்டு வருடமாக இருபது சிறுவர்களுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன்" என்று உள்ளதை எழுதச் சொல்லுங்கள். பெல்ட்டின் நிறம் எல்லா முதலாளிக்கும் புரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து வருகிற பையன் என்றால் எந்த முதலாளிக்கும் புரியும்.