அருவிக்குப் போகும் கல்வழி

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பேரருவியில் குளித்துவிட்டு, ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஒரு சுற்று போய், ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பேரருவிக்கு மேலே, சிற்றாற்றை ஒட்டிக் காட்டுக்குள் ஏறும் ஒரு கல்வழி இருக்கிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஏறினால் செண்பகாதேவி அருவி. அதற்கும் மேலே, தேனடைகளால் பேர் பெற்ற தேனருவி. வனத்துறை அனுமதிக்கும் நாட்களில்தான் இந்த வழியில் கால் வைக்க முடியும். சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் இந்தக் கற்களின் மேல்தான் ஏறிப் போகிறார்கள்.

வழியில் கிடக்கும் கற்களில் பெரும்பாலானவை மனிதர் கொண்டுவந்து போட்டவை அல்ல. மலையிலிருந்து உடைந்து விழுந்தவையும் ஆறு உருட்டி வந்தவையும்தான். அருவி எப்படி உண்டானது, எப்போது அது ஆளைக் கொல்லும், மழை நின்ற பிறகும் எப்படி ஓடுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த வழியிலேயே விடை கிடைக்கும். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காலடியில் கிடக்கும் பழைய பூமி

வெளியே பழுப்பேறிக் கிடக்கும் இந்தப் பாறை எங்காவது புதிதாக உடைந்திருந்தால் உள்ளே பாருங்கள். கருநீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். இதன் பெயர் சார்னோகைட். பெயரின் கதை சென்னையில் தொடங்குகிறது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைக்கப்பட்ட கல், பல்லாவரம் பக்கத்து மலையிலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893-இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பல்லாவரத்துப் பாறையும் குற்றாலத்துப் பாறையும் ஒரே குடும்பம்.

குற்றாலப் பகுதியில் சார்னோகைட்டோடு வரிவரியான நைஸ் பாறையும் கலந்து கிடக்கிறது. இவை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் வெந்து உருமாறியவை. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒட்டி கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இணைந்துகொண்டிருந்த காலம் அது. மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போனதால்தான் அந்த ஆழத்துப் பாறை இன்று நம் செருப்புக்கடியில் கிடக்கிறது.

மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறையக் குறையப் பாறை தளர்ந்து விரியும். விரியும்போது நேர்நேராக வெடிப்புகள் விழும். ஆற்று நீர் அந்த வெடிப்பைத்தான் தேடிப் போகிறது. வெடிப்பில் புகுந்து, வேரும் மழையும் துணை சேர, கட்டி கட்டியாகப் பாறையைப் பெயர்க்கிறது. பெயர்ந்த இடம் படியாகிறது. பெரிய படி அருவியாகிறது. செண்பகாதேவி வழியில் இடுப்புயரத்துக்குக் கிடக்கும் சதுரக் கற்கள் பல, இப்படி ஏதோ ஒரு படியிலிருந்து பெயர்ந்தவைதான்.

வட அமெரிக்காவின் நயாகரா அருவியில் மேலே கெட்டிப் பாறை, கீழே மென்பாறை. கீழ்ப் பாறை அரிபட, மேற்பாறை இடிந்து விழ, கடந்த 12,000 ஆண்டுகளில் அந்த அருவி சுமார் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. குற்றாலத்தில் மேலும் கீழும் ஒரே கெட்டிப் பாறை. அதனால் இங்கே வேலை மிக மெதுவாக நடக்கிறது.

மெதுவான வேலைக்கும் ஒரு கருவி உண்டு. ஓடையோரப் பாறைகளில் உரல்போல வட்டமாகக் குடைந்த குழிகளைப் பார்க்கலாம். சுழலும் நீரில் மாட்டிக்கொண்ட கூழாங்கற்கள் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தோண்டியவை அவை. பேரருவியில் நீர் முதலில் விழுந்து பொங்கி வழியும் பொங்குமாங்கடலும் இப்படி ஒரு குழிதான், அளவு மட்டும்தான் வேறு.

கண் முந்தி, கால் பிந்தி

இரண்டரை கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் அரை மணி நேர நடை. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், இரண்டரை சென்டிமீட்டர் வரை மேடுபள்ளம் வைத்த தளத்தில் ஆட்களை நடக்கவிட்டார்கள். சமதளத்தில் நடப்பதைவிட 28 சதவீதம் அதிக ஆற்றல் செலவானது. இரண்டரை சென்டிமீட்டருக்கே இப்படி என்றால், முழங்கால் உயரக் கல்லுக்குச் சொல்லவே வேண்டாம். மூட்டுகள் ஒவ்வொரு அடியிலும் புதிதாக நிலை தேட வேண்டியிருக்கிறது. தசைகள் ஓயாமல் உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கும் வேலை கூடுகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நடப்பவர்களின் பார்வை எங்கே விழுகிறது என்று கருவி பொருத்திப் பார்த்தார்கள். கரடுமுரடான தரையில் கண் பெரும்பாலும் இரண்டு காலடி முன்னால் உள்ள இடத்தையே பார்த்திருக்கிறது. நேரமாகச் சொன்னால், கால் போய்ச் சேர ஒன்றரை விநாடி இருக்கும்போதே கண் அந்த இடத்தைப் பார்த்து முடித்துவிடுகிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இந்த வழியில் நடப்பவர் இழப்பது அந்த ஒன்றரை விநாடியைத்தான்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது தொடை நடுங்கும். இறங்குகையில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுக வேண்டும், அதாவது உடம்புக்கு பிரேக் போட வேண்டும். இந்த வகை வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பது இதனால்தான். இறங்கும்போது சிறு சிறு அடியாக வைப்பதும் ஒரு கம்பை ஊன்றிக்கொள்வதும் நல்லது.

வழுக்கலில் வாழும் செடி

ஓடையை நெருங்க நெருங்கப் பாறை வழுக்கும். பாசிகளும் நுண்ணுயிர்களும் தங்களை ஒட்டவைத்துக்கொள்ள ஒருவகைப் பிசினைச் சுரக்கின்றன. அவற்றை வெள்ளம் அடித்துப்போகாமல் காக்கும் அதே பிசின்தான் நம்மை வழுக்கி விழ வைக்கிறது. ஈரத்தில் கறுத்தும் பச்சையாகவும் மின்னும் பாறையைவிட, காய்ந்து சொரசொரப்பாக இருக்கும் பாறையே கால் வைக்கத் தக்கது.

பாசி என்று நாம் நினைத்து மிதிப்பவற்றில் சில பாசியே அல்ல. பொடோஸ்டமேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் செடிகள் அவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் இவற்றின் இனங்கள் பல உண்டு. மண் வேண்டாம்; வேரையே தட்டையாக்கி, பாய்ந்தோடும் நீருக்கடியில் பாறையோடு ஒட்டிக்கொள்கின்றன. மழைக்காலம் முழுவதும் நீருக்குள் வளர்ந்து, நீர் வற்றிப் பாறை வெளியே தெரியும் சில நாட்களில் அவசரமாகப் பூத்து, காய்த்து, விதையைப் பாறையிலேயே உதிர்த்துவிடுகின்றன. ஆறு ஏறுவதும் இறங்குவதும்தான் அவற்றின் நாள்காட்டி.

கல்லை உருட்டும் கணக்கு

வழியோரம் ஒரு லாரி அளவுக்குக் கிடக்கும் உருண்டைப் பாறையைக் கண்டால், இதை யார் இங்கே உருட்டினார்கள் என்ற கேள்வி எழும். இங்கிலாந்தின் வில்லியம் ஹாப்கின்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குப் போட்டார். ஓடும் நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை, நீரின் வேகத்தின் ஆறாம் படியோடு சேர்ந்து உயரும். வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல்லை உருட்டலாம். வேகம் மூன்று மடங்கானால் 729 மடங்கு. நேற்று வரை மணலைத் தள்ளிக்கொண்டிருந்த ஓடை இன்று பாறையைத் தள்ளுவது இப்படித்தான்.

மனித உடம்பைத் தள்ளுவதும் இதே ஆற்று நீர்தான். வேகம் இரட்டித்தால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீர்தானே என்று நிற்பவர் தடுமாறி விழுவதற்கு அது போதும். அருவிக் கசத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே நீரோடு காற்றுக் குமிழ்கள் நிறையக் கலந்திருப்பதால் நீரின் அடர்த்தி குறைகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அந்த நுரைநீர் வழக்கம்போலத் தாங்காது.

குற்றாலத்து மலை செங்குத்தானது, ஓடைகள் குறுகியவை. மேலே கொட்டும் மழை கீழே வந்துசேர அதிக நேரம் ஆவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். தென்மேற்குப் பருவமழை அப்போது தொடங்கியிருக்கவே இல்லை. மலையில் பெய்த கோடை மழையே காரணம்.

வெள்ளம் வரும் முன் ஆறு சில அடையாளம் காட்டும். தெளிந்த நீர் செம்மண்ணாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்துவரும். நீரின் ஓசை கனத்துவிடும். இதில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பல சமயம் இந்த அடையாளங்களுக்கும் வெள்ளத்துக்கும் இடையே சில நிமிடங்கள்தான் கிடைக்கும். தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது.

குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

அருவி கண்ணில் படும் முன்பே காதில் விழும். பாறையில் நீர் மோதுவது மட்டும் அந்த ஓசைக்குக் காரணம் அல்ல. விழும் நீர் காற்றை உள்ளே இழுத்துக் கோடிக்கணக்கான குமிழ்களாக்குகிறது. ஒவ்வொரு குமிழும் பிறக்கும்போது சிறு மணிபோல அதிர்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் விநாடிக்குச் சுமார் 3,000 தடவை அதிரும். பெரிய குமிழ் தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும். எல்லா அளவுக் குமிழும் ஒன்றாக ஒலிப்பதே அருவியின் இரைச்சல்.

இந்த இரைச்சலில் தவளை கத்தினால் யாருக்குக் கேட்கும்? மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டும் வாழும் ஆடும் தவளைகள் அதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. ஆண் தவளை பாறை மேல் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி, கொடி அசைப்பதுபோல விரித்துக் காட்டும். எஸ்.டி. பிஜு தலைமையிலான குழு 2014-இல் இந்தத் தவளைகளில் 14 புதிய இனங்களை ஒரே சமயத்தில் அறிவித்தது. கட்டைவிரல் அளவுகூடத் தேறாத இந்த உயிர்களுக்கு ஓடை வற்றினால் வேறு போக்கிடம் இல்லை.

அருவியின் அடியில் நின்றால் உடம்பு சிலிர்க்கிறது. உயரத்திலிருந்து விழுவதால் நீர் குளிர்ந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. விழும் நீரின் ஆற்றல் வெப்பமாகிறது. 100 மீட்டர் விழுந்தால் நீரின் வெப்பம் சுமார் 0.23 டிகிரி கூட வேண்டும். ஆற்றல் அழிவதில்லை என்று நிறுவியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஜூல், 1847-இல் ஆல்ப்ஸ் மலையில் வெப்பமானியும் கையுமாக இதை அளக்கக் கிளம்பியதாக வில்லியம் தாம்சன், பின்னாளின் கெல்வின் பிரபு, எழுதியிருக்கிறார். அப்படியானால் நம்மைக் குளிர்விப்பது எது? திவலைகள் ஆவியாவதுதான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் நம் தோலிலிருந்தும் திவலை எடுத்துக்கொள்கிறது.

நீர் சிதறும்போது நுண்திவலைகள் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன என்பதை ஜெர்மனியின் பிலிப் லெனார்ட் 1892-இல் விளக்கினார். இதைப் பிடித்துக்கொண்டு, அருவியின் எதிர்மின் அயனிகள் பல நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. மின்னூட்டம் இருப்பது உண்மை. மருந்தாகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரண்டு மணி நேரம் காட்டில் நடந்து, குளிர்ந்த நீரில் நின்றவனுக்கு வரும் தெம்புக்கு அயனியைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

மழை நின்ற பிறகு ஓடும் நீர்

குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவது மலையில் உள்ள ஒரு தாழ்வு. வடக்கே ஏலமலை, தெற்கே அகத்தியமலை, நடுவே செங்கோட்டைக் கணவாய். ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளத்தின் பக்கம் மலையேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும். மலைக்குக் கிழக்கே மற்ற இடங்கள் வறண்டு கிடக்கும்போது, கணவாய் வழியே நுழையும் காற்று மட்டும் கொஞ்சம் ஈரத்தோடு குற்றாலத்துக்கு வந்து சேர்கிறது.

ஆனால் காற்று தினமும் ஒரே அளவு ஈரத்தைக் கொண்டுவருவதில்லை. மழை இல்லாத நாளிலும் அருவி ஓடுவது காட்டின் உபயம். இலைமேல் விழுந்து வேகம் குறைந்த மழைத்துளி சருகுக்குள் இறங்குகிறது. வேர்கள் விட்ட துளைகளும் மண்புழு விட்ட துளைகளும் அதை மண்ணுக்குள் எடுத்துச் செல்கின்றன. மண்ணிலிருந்து அது பாறை வெடிப்புக்குள் போகிறது. பிறகு நாட்கணக்காக, வாரக்கணக்காக, ஊற்றாகக் கசிந்து ஓடையில் சேர்கிறது. சருகை வாரிவிட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டால், அதே மழை மேலோடு வழிந்து ஒரே நாளில் வெள்ளமாக வந்துவிடும். மறுவாரம் பாறைதான் மிஞ்சும்.

சிற்றாறு குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. தென்காசிச் சீமையின் வயல்களை நனைத்துக்கொண்டு போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. செண்பகாதேவி ஓடையில் நாம் கழுவிவிடும் ஷாம்பு, பேரருவியில் குளிக்கிறவர் தலையில் விழுந்து, பிறகு ஏதோ ஒரு வயலில் பாயும். எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் இங்கே போடப்பட்டிருக்கும் தடை, வெறும் கெடுபிடி அல்ல.

வழி திறந்திருக்கும் நாளில் போனால், பாறையைப் பார்த்துக் கால் வையுங்கள். நீரின் நிறத்தில் ஒரு கண் இருக்கட்டும். போக வேண்டாம் என்று வனக்காவலர் சொன்னால் திரும்பிவிடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை ஒன்று விடாமல் கீழே கொண்டுவாருங்கள். அடுத்த சாரலுக்கும் அருவி ஓட வேண்டும்; அதற்கு மேலே காடு இருந்தாக வேண்டும்.