வடசென்னைக் காற்றாடி

வடசென்னைக் காற்றாடி என்பது புளியந்தோப்பு, வியாசர்பாடி, இராயபுரம், காசிமேடு முதலிய பகுதிகளில் கையால் செய்து பறக்கவிடப்படும் பட்டம் ஆகும். ஈழத்திலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் பட்டம் எனப்படுவது சென்னையில் காற்றாடி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் காத்தாடி. 2010 இல் வெளிவந்த "பாணா காத்தாடி" திரைப்படத்தின் பெயர் இவ்விளையாட்டிலிருந்து வந்ததே. கோடை விடுமுறையின் பிற்பகல்களில், கடற்காற்று வீசத் தொடங்கியதும் மொட்டை மாடிகளில் இவை ஏறும்.

செய்முறை

சதுரமாக வெட்டிய மெல்லிய வண்ணத்தாள், மூங்கிலைச் சீவி எடுத்த இரு குச்சிகள், பசை, நூல் ஆகியவையே தேவை. ஒரு குச்சி மூலைக்கு மூலை நேராக ஒட்டப்படும். மற்றது வில்போல் வளைத்துக் குறுக்கே ஒட்டப்படும். இக்குறுக்குக் குச்சியே காற்றாடியின் உயிர்நாடி. நூலை இழுக்கும்போது அது காற்றில் பின்னோக்கி வளைய, காற்றாடி நிலைபெற்று முனை நோக்கும் திசையில் பாய்கிறது. நூலைத் தளர்த்தினால் தட்டையாகித் திரும்புகிறது. வாலின்றியே இதனைச் செலுத்த முடிவது இதனால்தான்.

குச்சிகள் குறுக்கிடும் இடத்திலும் அதற்குக் கீழேயும் நூல் கோத்து முடிவதைச் சூத்திரம் போடுதல் என்பர். இதன் நீளம் சிறிது பிசகினாலும் காற்றாடி ஏறாது அல்லது சுழன்று விழும். குச்சி ஒருபுறம் கனத்தால் மறுபுறத்தில் தாள் துண்டு ஒட்டிச் சமன் செய்வர். இவற்றுக்கு எழுதிய அளவு ஏதும் இல்லை. தாத்தாவோ தெருவின் மூத்தவரோ குச்சியைத் தலைமேல் வைத்து வளைத்துப் பார்ப்பதை அருகிருந்து கண்டே சிறுவர் கற்றனர்.

மாஞ்சா

பிறர் காற்றாடியை அறுத்து வீழ்த்துவதே போட்டி. இதற்காகக் கண்ணாடித் தூளும் பசையும் பூசிய மாஞ்சா நூல் பயன்பட்டது. நூலைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே அறுப்பது "டீல்" எனப்படும். மாஞ்சா பூசுவதும் வீட்டுக்கு வீடு காக்கப்பட்ட கைப்பக்குவமாகவே இருந்தது. பின்னர் எளிதில் அறாத நைலான் நூல் பரவியது. அறுந்த காற்றாடியின் நூல் சாலையின் குறுக்கே தொங்கும்போது இருசக்கர வண்டியில் வருவோரின் கழுத்தை அறுக்கிறது. பறவைகளும் சிக்கி இறக்கின்றன. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் பெற்றோருடன் வண்டியில் சென்ற மூன்று வயதுக் குழந்தை இவ்வாறு உயிரிழந்தது. பருத்தி நூலில் பூசினால் தீங்கில்லை என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. கண்ணாடித் தூள் எந்நூலிலும் அறுக்கும்.

தடை

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 சூலை 11 அன்று நைலான் முதலிய செயற்கை மாஞ்சா நூல்களை நாடு முழுவதும் தடை செய்தது.  சென்னைக் காவல்துறையும் மாஞ்சாவுக்குப் பலமுறை தடையாணை பிறப்பித்துள்ளது. தடுக்கப்பட்டது நூலே எனினும், வடசென்னையில் காற்றாடியும் மாஞ்சாவும் ஒன்றாகவே எண்ணப்பட்டதால், காற்றாடி வைத்திருப்பதே குற்றம்போல் பார்க்கப்படலாயிற்று. பேரனுக்குக் கற்றுக்கொடுக்கத் தயங்கும் பெரியவர்கள் சூத்திரம் போடுவதையும் சேர்த்தே விட்டுவிடுகின்றனர்.

யாழ்ப்பாண ஒப்பீடு

யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப் போட்டியில் அறுப்பதற்கு இடமில்லை. வடிவமும் பறக்கும் திறனுமே மதிப்பிடப்படுகின்றன. கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் எனப் பல வகைகள் உண்டு. காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டுவதும் அங்கு வழக்கம். மூங்கிலும் தாளும் நூலும் இரு ஊர்களுக்கும் பொது. அங்கு பரிசு பட்டம் கட்டியவனுக்கு, இங்கு அறுத்தவனுக்கு.