'செத்த காலேஜு'க்கு உயிர் கொடுப்பது எப்படி?

எழும்பூர் மியூசியத்துக்கு மெட்ராஸ் ஜனங்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. இத்தனை சுருக்கமான விமரிசனம் எந்தப் பத்திரிகையிலும் வந்திருக்காது ஸார்!

1851-ல் மியூசியம் ஆரம்பமானது நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். முதலில் அதை நிர்வகித்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் விவரமான மனுஷர். எழும்பூருக்கு மாறியதும் உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் அம்மியது. 1855-ல் அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலை! 1863-ல் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு ஜாகை மாறின. உயிரில்லாதவை எழும்பூரிலேயே தங்கிவிட்டன.

புலிக்கு விளக்க அட்டை தேவையில்லை, உறுமினால் போதும். கல்லும் பானையும் உறுமுமா? அவற்றுக்காக நாம்தான் பேச வேண்டும். யாரிடம்?

எங்கள் அத்திப்பட்டு ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெயினை விட்டு இறங்குகிறவர்களைப் பாருங்கள். அனல் மின் நிலையத்து ஷிஃப்ட் ஆள், பீகாரிலிருந்து வந்த வெல்டர், கழிமுகத்தில் இறால் பிடிப்பவர், யூனிஃபார்ம் போட்ட அவர் மகள், என்னைப் போல ஒரு பி.காம். இத்தனை பேருக்கும் சேர்த்து 'கைக்கோடரி, பழைய கற்காலம்' என்று ஒரே வரி அட்டை வைத்தால் என்ன ஆகும்? ஒரு கொட்டாவி, அடுத்து கேன்டீன்!

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்றெல்லாம் பெயர் கீறியிருக்கிறார்கள். "உங்கள் அம்மா எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார் அல்லவா? அதேதான்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாருக்கும் சட்டென்று புரியும். வந்தவரின் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அந்தக் கைக்கோடரிக்கும் இது பொருந்தும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அங்குள்ள பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். காமர்ஸ் கணக்குப்படி தேய்மானம் கழித்தால் அந்தக் கல்லின் மதிப்பு பூஜ்யம்! ஆனால் அது கிடைத்த இடம் கொசஸ்தலை ஆற்றுப் படுகை. அதே ஆறுதான் பூண்டி தாண்டி, எங்கள் ஊர்ப் பக்கமாக வந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. இதைச் சொன்னால் இறால் பிடிப்பவர் அந்தக் கல்லைத் தாண்டிப் போவாரா?

ஆகவே கல்லுக்குப் பக்கத்தில் ஆற்றின் படம் ஒன்று போடட்டும். 'கல் இங்கே, உங்கள் ஸ்டேஷன் இங்கே' என்று இரண்டு புள்ளி வைத்தால் வெல்டருக்குக்கூட மொழி தடையில்லை. கல்லைப் போலவே ஒரு மாதிரி செய்து கையில் கொடுக்கட்டும். எப்படிப் பிடிப்பது என்று விரலே சொல்லிவிடும். அட்டையைச் சிறுமியின் கண் உயரத்தில் மாட்டட்டும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்காக மாதத்தில் ஒருநாளாவது ராத்திரி எட்டு மணி வரை கதவு திறந்திருக்கட்டும்.

இன்னும் ஒன்று. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர் படகெல்லாம் கறுத்துப்போயின. அந்தக் கல்லின் பக்கத்தில், ஆற்றின் இன்றைய தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து வைக்கட்டும். எது செத்தது என்று ஜனங்களே சொல்வார்கள். பெயர் வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்!