ஆட்டு ரோமத்தில் ஒரு ரஜாய்

குளிர்காலப் போர்வையைப் பற்றித் திருச்சி நகரத்தாரிடம் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். மலைக்கோட்டை வெயிலில் வாழ்பவர்களுக்கு அது வேண்டாத பொருள்தான். ஆனால், அதே மாவட்டத்தின் வடக்கே துறையூரைக் கடந்து பச்சைமலைமீது ஏறிப் பாருங்கள். கடல்மட்டத்திற்கு மேல் 500 முதல் 1000 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அம்மலையில், மார்கழி, தை இரவுகளுக்கு ஒற்றைப் பருத்திப் போர்வை காணாது.

அந்தக் குளிருக்கு உரிய பொருள் மலையைச் சுற்றியுள்ள சமவெளியிலேயே மேய்ந்துகொண்டிருக்கிறது. திருச்சி, பெரம்பலூர் மாவட்டங்களுக்கு உரிய கருங்குறும்பை என்னும் செம்மறியாடுதான் அது. கால்நடை நூல்களில் ‘திருச்சி கருப்பு’ என்று குறிக்கப்படுவதும் இதுவே. இதன் ரோமம் முரடானது. சால்வை நெய்ய உதவாது. கம்பளி நெய்வதற்கே பெரும்பாலும் பயன்பட்டு வந்தது. இன்று ஆட்டை இறைச்சிக்காக வளர்ப்பவர்களுக்கு ரோமம் ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. ஆனால், ரஜாய்க்குள் திணிப்பதற்கு அந்த முரட்டுத்தனமே ஒரு சிறப்பு! முரட்டு இழை வில்போல் வளைந்து நிமிரும். எளிதில் தட்டையாகிப் படிந்துவிடாது. இழைகளுக்கிடையே நிற்கும் காற்றுதான் உடலின் சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈர்த்துக்கொண்ட பின்னும் கம்பளி ரோமம் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. பனி இறங்கும் மலைவீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எளிதில் தீப்பற்றிக்கொள்ளாது என்பதும் அடுப்படி அருகே உறங்கும் இல்லங்களில் நினைவிற்கொள்ள வேண்டிய குணம்.

திருமறையின் நஹ்ல் அத்தியாயத்தில் 80-ஆம் வசனம், கால்நடைகளின் ரோமத்தை மனிதனுக்குரிய வீட்டுப் பொருள்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. உண்ண ஆகுமான ஆடு உயிருடன் இருக்கும்போது கத்தரித்த ரோமம் தூய்மையானது. இதில் கருத்து வேறுபாடு இல்லை. தானாகச் செத்த ஆட்டின் ரோமமும் தூய்மையானதே என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபிலோ அது நஜீஸ். ஆகவே, ரோமம் வாங்கும்போது அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஆட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கிய ரோமத்தில் முள்ளும் மண்ணும் கொழுப்பும் கலந்திருக்கும். முள்ளைப் பொறுக்கிவிட்டு, பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் அமிழ்த்தி வையுங்கள். கசக்காதீர்கள், கலக்கவும் வேண்டாம். ரோம இழையின்மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பின்பு பிரிக்கவே முடியாது. அலசும் நீரும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கட்டும்.

உலர்ந்த ரோமத்தைக் கையால் பிய்த்துப் பூப்போல ஆக்கவேண்டும். முன்பு இதற்கென்றே வில் இருந்தது. பஞ்சடிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட தூதேகுலா முஸ்லிம்கள் தமிழகத்திலும் உள்ளனர். (ஞானி மன்சூர் ஹல்லாஜின் பெயரிலுள்ள ‘ஹல்லாஜ்’ என்ற சொல்லுக்கே பஞ்சடிப்பவர் என்றுதான் பொருள்!) அந்த வில்லின் அதிர்வு, பஞ்சைப் போலவே ரோமத்தையும் பிரித்துக் கொடுக்கும்.

மேல்துணி நெருக்கமாக நெய்யப்பட்டதாக இருக்கட்டும். நைந்த துணியானால் முரட்டு இழைகள் வெளியே நீட்டிக் குத்தும். உள்ளே இருப்பது கருப்பு ரோமமாதலால் வெள்ளைத் துணி வேண்டாம்; நிழல் தெரியும். ரோமத்தை முதலில் மல் துணிக்குள் பரப்பி, அதன்பின் உறையிட்டால் இரு தொல்லைகளும் குறையும். நான்கு விரற்கடை இடைவெளியில் தையல் ஓடவேண்டும். இடைவெளி கூடினால் ரோமம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். வடகர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் ‘கவந்தி’ போர்வையில், ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வளைந்துகொண்டே வந்து நடுவில் தையலை முடிப்பார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. ரோமம் வைத்த ரஜாய்க்கு இதைவிட நடுவில் தொடங்கி வெளியே செல்வதே எளிது, சுருக்கம் விழாது.

இனி, பராமரிப்பு. பெரும்பாலான ரஜாய்கள் பாழாவது உழைப்பால் அல்ல, சலவையால்! இதை அடிக்கடி துவைக்கத் தேவையே இல்லை. வாரம் ஒருமுறை காலை வெயில் காட்டி உதறினால் போதும். துவைத்தே ஆகவேண்டுமெனில் வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் இரண்டும் ரோமத்தை அரித்துவிடும். கறை போக்கும் என்சைம் கலந்த சலவைத்தூளும் ஆகாது. ரோமம் புரதப் பொருள். அந்த என்சைமின் வேலையே புரதத்தைக் கரைப்பது. பிழியாமல் அழுத்தி நீரை வடித்து, கயிற்றுக்கட்டிலில் விரித்து நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் ரோமம் கீழே இறங்கிவிடும்.

குழந்தை நனைத்துவிட்டால் முழுவதையும் அடித்துத் துவைக்க வேண்டுமோ என்று தாய்மார்கள் கலங்குவதுண்டு. பிழிய முடியாத பொருளை மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் சொட்டுவது நிற்கும்வரை விட்டுவிட்டால் அது தூய்மையாகிவிடும் என்பது ஹனஃபி சட்டம். எனவே நனைந்த பகுதியை மட்டும் கழுவுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைமீது இத்தகைய கனத்த போர்வையைப் போர்த்தக்கூடாது, மூச்சை அடைத்துவிடும்.

கோடையில் மடித்து வைக்குமுன் நன்றாக உலரவிடுங்கள். வியர்வையும் அழுக்கும் படிந்த ரோமத்தையே அந்துப்பூச்சியின் புழுக்கள் விரும்பித் தின்னும். உலர்ந்த வேப்பிலை வைத்துப் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை எடுத்து உதறுங்கள். நாப்தலின் உருண்டை மட்டும் வேண்டாம். ஜி6பிடி என்னும் என்சைம் குறைவோடு பிறக்கும் பிள்ளைகள் நம் நாட்டிலும் உண்டு. நாப்தலின் வாசம் ஏறிய துணியில் கிடத்தப்பட்டால்கூட அப்பிள்ளைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட துணியில் படுத்த குழந்தை வெளுத்தோ மஞ்சளித்தோ காணப்பட்டால், சிறுநீர் கருத்துப் போனால், அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, உருண்டை வைத்திருந்த செய்தியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.